நத்தாருக்கு வீட்டைப் பூவாலும் செடியாலும் அலங்கரிப்பது: திருகோணமலை மழைக்கு ஏற்ற முழு வழிகாட்டி

திருகோணமலையில் நத்தார் வருவது மாரி மழையின் நடுவில். ஒக்டோபரில் தொடங்குகிற வடகீழ்ப் பருவ மழை ஜனவரி வரை விட்டு விட்டுப் பெய்யும். சுவர் வியர்க்கும். ஈரம் காயாத பூ இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். மலைநாட்டுப் பூ ஏற்றி வருகிற வாகனம் வெள்ளத்தில் வழியிலேயே நின்றுவிடவும் கூடும்.

எங்கள் வீட்டுக்கும் உறவுக்காரர் வீடுகளுக்கும் பல வருடமாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். உதவிக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: முதலில் பூவை வாங்கிவிடுகிறார்கள். பூ கடைசியில் வீட்டுக்கு வர வேண்டியது. முதலில் தண்ணீர், பிறகு சாடிச் செடி, பிறகு இலை, பிறகுதான் பூ. இந்த ஒழுங்கை மாற்றாவிட்டால் செலவும் குறையும், 25ஆம் திகதி காலையில் வீடும் வாடாமல் இருக்கும்.

1. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

24ஆம் திகதி இரவுத் திருப்பலிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைக் கடைசி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னால் எண்ணிக் கலண்டரில் குறியுங்கள்.

பொயின்செட்டியாவை ஒக்டோபரிலும் மற்றச் சாடிச் செடிகளை நவம்பர் தொடக்கத்திலும் கவனிக்கத் தொடங்க வேண்டும். டிசம்பர் 11இல், இயேசு பிறப்பைக் காட்டும் பாலன் குடிலில் முளைக்க விடும் நெல்லை ஊறப் போட வேண்டும். 15 அளவில் சாடிகளைக் கழுவி விறாந்தைக்கு எடுக்க வேண்டும். 20இல் மரம், 21இல் இலை வளையம், 22 பின்னேரம் அல்லது 23 காலை பூ, 24 காலை அடுக்குதல்.

பூக்கடையில் 10ஆம் திகதிக்கு முன்பே சொல்லி வையுங்கள். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து ரோசாவும் செவ்வந்தியும் நீண்ட பாதை கடந்துதான் இங்கே வருகின்றன. மழை கடுமையானால் கடைக்காரர் முதலில் சொல்லி வைத்தவர்களுக்குத்தான் எடுத்து வைப்பார். அப்போதும் பூ வராமல் போகலாம். அதனால் பாதி அலங்காரத்தை ஊர்ப் பூவிலும் இலையிலும் திட்டமிடுங்கள். மீதிப் பாதி வந்தால் நல்லது, வராவிட்டாலும் வீடு வெறுமையாக இராது.

2. கையில் இருக்க வேண்டியவை

கூரான கத்தரிக்கோல் அல்லது கத்தி, இரண்டு ஆழமான வாளி, ஒரு ஆழமில்லாத வாளி, கட்டுக்கம்பி, சணல் நூல், தென்னை ஈர்க்கு, பொலித்தீன் தாள், தண்ணீர் விசிறும் போத்தல். இவற்றோடு மழைநீர் ஒரு பீப்பாய்.

மழைநீரை வலியுறுத்திச் சொல்கிறேன். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் கிணற்று நீர் உவராக இருக்கும். உப்புத் தண்ணீரைத் தண்டால் சரியாக இழுக்க முடியாது. பூ வாளிக்குள் நின்றபடியே வாடும். குழாய் நீர் என்றால் வாளியில் பிடித்து ஒரு இரவு மூடாமல் வைத்துவிட்டுப் பாவியுங்கள். ஆனால் டிசம்பரில் வானமே தண்ணீர் தரும்போது வேறு எதற்கு? முதல் மழையில் கூரைத் தூசி போகட்டும், அடுத்த மழையைப் பிடியுங்கள். பீப்பாயின் வாயைச் சீலையால் இறுகக் கட்டி மூடுங்கள். இது டெங்குக் காலம்.

3. சாடிச் செடிகள்

நத்தார் என்றதும் எல்லாரும் கேட்பது பொயின்செட்டியா. அதில் சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, இலைதான். இரவு நீளமாகவும் முழு இருட்டாகவும் இருந்தால்தான் அந்த இலை சிவக்கும். தொடர்ந்து எட்டு வாரமளவில், ஒவ்வொரு நாளும் 12 மணி நேரத்துக்கு மேல் இருட்டு வேண்டும். எங்கள் ஊரில் வருடக் கடைசியில் இரவு தானாகவே அந்த அளவு நீளும். பிறகு ஏன் பலர் வீட்டில் பச்சையாகவே நிற்கிறது? விறாந்தை விளக்குத்தான் காரணம். செடியைத் தெரு விளக்கும் கேற் விளக்கும் படாத பின்பக்கத்தில் ஒக்டோபரிலேயே வைத்துவிடுங்கள். கரையோர இரவுச் சூட்டில் மலைநாட்டு நிறம் வராது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அதன் பால் தோலில் பட்டால் கடிக்கும், கண்ணில் பட்டால் எரியும். கிளை வெட்டினால் கையைக் கழுவுங்கள்.

அதைவிட நம்பகமானது குரோட்டன். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒரே இலையில். உப்புக் காற்றையும் தாங்கும். திருகோணமலையில் ஒரே ஒரு செடிதான் வளர்க்கலாம் என்றால் நான் குரோட்டனைத்தான் வைப்பேன்.

போகன்விலாவுக்கு மழை பிடிக்காது. தண்ணீர் மிஞ்சினால் பூவை விட்டுவிட்டு இலையைத் தள்ளும். நவம்பர் தொடக்கத்திலேயே சாடியைக் கூரை ஓரத்துக்குள், வெயில் விழும் பக்கமாக இழுத்து, மண் மேற்பரப்பு காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். நத்தாருக்குக் கொஞ்சமாவது நிறம் காட்டும்.

15ஆம் திகதி அளவில் எல்லாச் சாடிகளையும் முற்றத்தில் வரிசையாக வைத்துக் கழுவுங்கள். சாடியின் அடியைக் கட்டாயம் தூக்கிப் பாருங்கள். மழைக்கு ஒதுங்கிய அட்டையும் பூரானும் நத்தையும் அங்கேதான் இருக்கும். எறும்பு கூடு கட்டிய சாடி என்றால் ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முழுதாக அமுக்கி வையுங்கள். அப்படியே வீட்டுக்குள் கொண்டு வந்தால் பாலன் குடிலுக்குள் எறும்பு ஊரும்.

அப்புறம் நேராக மண்டபத்துக்குள் எடுக்க வேண்டாம். நான்கைந்து நாள் விறாந்தையில் நிற்கட்டும். வெளி வெளிச்சத்தில் நின்ற செடியைத் திடீரென்று இருட்டான மூலையில் வைத்தால், குரோட்டன்கூடக் கீழ் இலைகளைக் கொட்டும்.

சாடித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். இந்தக் காலத்து வெப்பத்தில் டெங்கு நுளம்பின் முட்டை ஒரு வாரம் பத்து நாளுக்குள் நுளம்பாகிவிடும். தட்டை மணலால் நிரப்புங்கள். வடிகிற நீரை மணல் பிடித்துக்கொள்ளும், நுளம்புக்குத் திறந்த தண்ணீர் கிடைக்காது.

நகருக்குள் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கோட்டைப் பக்கத்து மான்கள் தெருவரைக்கும் மேய வரும். படலை திறந்து கிடந்தால் விடிவதற்குள் செடியின் குருத்தெல்லாம் போய்விடும். கழுவிய சாடிகளை இரவில் வெளியே விடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் தவழும் வீடு என்றால் அலரியையும் டிஃபன்பேக்கியாவையும் உள்ளே எடுக்க வேண்டாம். அலரி முழுவதும் நஞ்சு. டிஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் வீங்கும்.

4. நத்தார் மரம்

சவுக்குக் கிளைதான் நம் பக்கத்து வழக்கம். கடற்கரையில் நிற்கும் சவுக்கை வெட்டாதீர்கள். காற்றையும் மணலையும் தடுக்க நிற்பவை அவை. காணிக்குள் சவுக்கு வைத்திருப்பவர்களிடமோ சந்தையிலோ வாங்குங்கள்.

டிசம்பர் 1ஆம் திகதியே மரம் நட்டுவிடுவது பெரிய பிழை. வெட்டிய சவுக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் பச்சையாக இருக்கும். 20க்கு முன் வேண்டாம்.

அடியை நட்டு வைக்கும் முன்பு இரண்டு விரல் அகலத்துக்குப் புதிதாக வெட்டுங்கள். பழைய வெட்டு காய்ந்து அடைபட்டிருக்கும், அதன் வழியாகத் தண்ணீர் ஏறாது. வாளியில் முதலில் கருங்கல் நான்கைந்து, பிறகு கிளை, பிறகு ஈர மணல். கல் இல்லாவிட்டால் யன்னல் வழியாக வரும் ஒரு காற்றுக்கு மரம் சாய்ந்துவிடும். மணல் எப்போதும் ஈரமாக இருக்கட்டும்.

சவுக்குக்குப் பக்கத்தில் மெழுகுதிரி கூடவே கூடாது. காய்ந்த சவுக்கு ஊசி கற்பூரம் மாதிரிப் பிடிக்கும். சூடேறாத சின்ன மின்குமிழ்களைப் பாவியுங்கள். வயரின் இணைப்பு ஈர மணலைத் தொடாமல் மேலே கட்டுங்கள்.

5. இலை வேலை: வளையமும் தோரணமும்

வாசல் வளையத்துக்குக் கடையில் சட்டம் வாங்கத் தேவையில்லை. கொடித்தோடையின் முற்றிய கொடியை மூன்று நான்காக முறுக்கி, ஒரு முழ அகலத்தில் வட்டமாகக் கட்டுங்கள். பச்சையாக இருக்கும்போதே வளைக்க வேண்டும், காய்ந்தால் முறியும். வளைத்ததை அடுப்படிப் பக்கம் தொங்கவிட்டால் மழைக்காலத்திலும் காய்ந்துவிடும்.

அதன் மேல் சவுக்குத் துண்டுகளையும் குரோட்டன் இலைகளையும் சிறு கட்டுகளாகச் சேர்த்து, ஒவ்வொரு கட்டின் தண்டையும் அடுத்த கட்டின் தலை மறைக்கும்படி கட்டிக்கொண்டு போங்கள். எல்லாம் ஒரே திசையில் போக வேண்டும். நடுவில் திசை மாறினால் அந்த இடத்தில் கம்பி தெரியும், வளையமும் இரண்டாகப் பிரிந்தது போல் இருக்கும்.

நிறத்தில் ஒரு கவனம். நம் ஊரில் மலர்வளையம் என்றால் செத்தவீடுதான் நினைவுக்கு வரும். ஒரு முறை உதவிக்கு வந்த பிள்ளை வெள்ளைச் செவ்வந்தியை மட்டும் வைத்து மிக நேர்த்தியாக ஒரு வளையம் கட்டி வாசலில் மாட்டினாள். பக்கத்து வீட்டு ஆச்சி படலையடியில் நின்று, “பிள்ளை, ஆருக்கு என்ன நடந்தது?” என்று பதறிக் கேட்டார். வாசல் வளையத்தில் இலை கூடுதலாகவும், பூ குறைவாகவும் சிவப்பாகவும் இருக்கட்டும்.

தோரணமும் அப்படித்தான். நல்ல காரியத்துக்கு மடிக்கும் மடிப்பு வேறு, செத்தவீட்டுக்கு மடிப்பது வேறு. தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி முதல் மடிப்பைப் போடுங்கள். குருத்தோலை வெட்டிய இரண்டு மூன்று நாளில் சுருளும், ஆகையால் 23ஆம் திகதிதான் வெட்ட வேண்டும். அதற்கு முன்பே வெட்ட வேண்டி வந்தால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். காய்க்கும் தென்னையில் குருத்தை எடுக்காதீர்கள். வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் செவ்வண்டு வரும், பிறகு மரமே போய்விடும். எப்படியும் தறிக்கப் போகிற மரமாகத் தேடுங்கள்.

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறும் ஒவ்வொரு திரியாக ஏற்றும் திருவருகைக்கால வளையம் வைக்கும் வீடுகளில் அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே வரும் ஞாயிறில் தொடங்கும். மூன்று ஊதா மெழுகுதிரி, ஒரு ரோசா நிறத் திரி. ரோசாத் திரி மூன்றாம் ஞாயிறுக்கு. நான்கு வாரம் நிற்க வேண்டியது என்பதால் வெட்டிய இலையை இதற்குப் பாவிக்க வேண்டாம். தட்டில் தண்ணீர் விட்டு மணிப்பிளான்ற் கொடியைச் சுற்றி விடுங்கள். அது வேரும் விட்டு இன்னும் செழிக்கும், திரிக்குக் கீழே காய்ந்த எதுவும் இராது. தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

6. பாலன் குடிலின் பச்சை

இந்தப் பகுதியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நாள் நாளாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

டிசம்பர் 11இல் இரண்டு கை நெல்லை ஒரு நாள் முழுக்க ஊறப் போடுங்கள். மிதப்பதை அள்ளி எறியுங்கள், அது பதர். ஊறியதை வடித்து ஈரச் சாக்கில் சுற்றி இன்னொரு நாள் வைத்தால் வெள்ளை முளை நுனி தெரியும். 13இல் எடுத்து ஆழமில்லாத தட்டில் விரலளவு மண் போட்டு, ஒன்றோடொன்று முட்டும் நெருக்கத்தில் பரப்புங்கள். மேலே மண் மூட வேண்டாம், ஈரச் சீலை போதும். இரண்டாம் நாள் அதையும் எடுத்துவிடுங்கள்.

தட்டை யன்னல் ஓரத்தில் வைத்து ஒவ்வொரு நாளும் திருப்புங்கள். இருட்டில் வைத்தால் வெளிறி, நெட்டையாக வளர்ந்து சாயும். ஒரே பக்கம் வெளிச்சம் பட்டால் எல்லாம் ஒரு பக்கம் படுக்கும். 24ஆம் திகதி அரைச் சாண் உயரத்தில் குத்துக் குத்தாக நிற்கும். காலையில் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு நீர்த்துளி ஏறி நிற்கிறதே, அதை முழங்காலில் இருந்து பார்த்துவிட்டு எழும்ப மனம் வராது.

குரக்கன் விதைத்தால் இன்னும் மெல்லிய புல்லாக வரும், 16இல் போட்டால் போதும். பயறுக்கு ஐந்து நாள்தான் வேண்டும். நெல்லோடு சேர்த்து அன்றைக்கே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நத்தாருக்கு முன்பே அது கொடிபோல் நீண்டு குடிலை மூடிவிடும்.

குடிலின் தரைக்குப் பாசி வேண்டும் என்றால் உங்கள் மதில் சுவரைப் பாருங்கள். மாரியில் அங்கே தடிப்பாகப் படர்ந்திருக்கும். தட்டகப்பையைச் சுவரோடு சரித்து மெதுவாகத் தள்ளினால் பாய் மாதிரிச் சுருண்டு கழன்று வரும். தண்ணீர் விசிறும் போத்தலால் மட்டும் நனையுங்கள். ஊற்றினால் அழுகி மணக்கும்.

மணலுக்குக் கடல் மணலை அள்ளி வந்து அதிலேயே நெல் விதைத்தால் உப்பில் முளை கருகும். பவளத் துண்டுகளைக் குடிலுக்கு எடுத்து வரும் பழக்கமும் வேண்டாம். பவளப் பாறைகள் உள்ள நிலாவெளிப் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது.

7. பூ வாங்குதலும் தண்ணீர் குடிக்க வைத்தலும்

முழு வேலையிலும் அவசரப்படக் கூடாத இடம் இதுதான்.

வாங்கும்போது ரோசாவின் அடிப்பக்கத்தை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் புதியது, பஞ்சு போல் அமுங்கினால் பழையது. செவ்வந்தியில் பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். இலை மஞ்சளித்திருந்தால் பூவுக்கும் நாள் நெருங்கிவிட்டது. பணம் அளவாக இருந்தால் அந்தூரியமும் டென்ட்ரோபியம் ஓர்கிட்டும் வாங்குங்கள். பத்து நாளுக்கு மேல் நிற்கும், புது வருடத்துக்கும் ஆகும். ரோசா நம் சூட்டில் நான்கு நாள்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை வெட்டு. தண்டின் அடியைத் தண்ணீருக்குள் பிடித்தபடி ஒரு அங்குலம் சரிவாக வெட்டுங்கள். வெளியே வெட்டினால் தண்டுக்குள் காற்று ஏறி அடைத்துக்கொள்ளும். பூ தலை தொங்குவதற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். தண்ணீருக்குள் அமிழும் இலைகளை எல்லாம் கிள்ளிவிடுங்கள். அவை அழுகினால் தண்ணீர் கெடும், கிருமி பெருகித் தண்டின் வாயை அடைக்கும்.

பிறகு ஆழமான வாளியில் இருட்டான, குளிர்ந்த இடத்தில் குறைந்தது ஆறு மணி நேரம் நிற்க விடுங்கள். ஒரு இரவு முழுக்க நின்றால் இன்னும் நல்லது. ஜெர்பராவுக்கு மட்டும் ஆழமில்லாத வாளி. அதன் தண்டில் மயிர் இருக்கும், அது முழுக்க நனைந்தால் அழுகும். நான்கு விரல் தண்ணீர் போதும்.

தண்ணீரில் என்ன கலப்பது? ஒரு லீட்டருக்குச் சீனி ஒரு தேக்கரண்டி, தேசிப்புளி இரண்டு தேக்கரண்டி, வெளுக்கும் பிளீச் திரவம் கால் தேக்கரண்டி. சீனி உணவு, புளி தண்ணீர் ஏற உதவும், பிளீச் கிருமியைக் கொல்லும். பிளீச் இல்லாமல் சீனியை மட்டும் போட்டால் கிருமிக்கு விருந்து வைத்ததாகிவிடும். பிளீச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே புளியை விடுங்கள். இரண்டையும் தனியாக ஒன்றோடொன்று கலந்தால் நச்சு வாயு வரும்.

அந்தூரியத்தையும் ஓர்கிட்டையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். குளிரில் கருகும். எந்தப் பூவையும் வாழைக்குலை தொங்கும் இடத்தில் வைக்க வேண்டாம். நத்தாருக்கென்று குலை பழுக்க வைக்காத வீடு நம் ஊரில் குறைவு. பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு பக்கத்துப் பூவையும் முதிர வைத்து உதிர்த்துவிடும். பல வருடம் என் ஓர்கிட் மொட்டுகள் காரணமே தெரியாமல் கொட்டின. குலையைப் பின் அறைக்கு மாற்றிய பிறகு அது நின்றது.

வாடி வந்த ரோசாவை எறியாதீர்கள். அடியை மறுபடி வெட்டி, முழுப் பூவையும் தண்டோடு அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் படுக்க வையுங்கள். பெரும்பாலும் எழும்பும். வாடிய அந்தூரியத்துக்கும் இதே வைத்தியம்தான்.

செவ்வரத்தை வெட்டிய நாளிலேயே சுருங்கும். அதற்குத் தண்ணீரும் தேவையில்லை. 25 காலையில் பறித்துக் குடிலின் முன்னே தட்டில் வையுங்கள், அன்றைக்கு மட்டும். எக்சோராக் கொத்துகள் மூன்று நாள் தாங்கும்.

8. அடுக்குதல்

பூச் செருகும் பச்சை ஸ்பொன்சை, கடைகளில் ஓயாசிஸ் என்று கேட்டால் தருவார்கள், தண்ணீரின் மேல் மிதக்க விடுங்கள். தானாகக் கீழே இறங்க ஓரிரு நிமிடம் எடுக்கும். அவசரத்தில் கையால் அமுக்கினால் வெளிப்பக்கம் மட்டும் நனைந்து நடுவில் காற்று அடைபடும். அந்த இடத்தில் செருகிய பூ மற்றதெல்லாம் நிமிர்ந்திருக்கத் தான் மட்டும் வாடும். “அன்ரி, ஒரே தண்ணி, ஒரே பூ, இது மட்டும் ஏன் தொங்குது?” என்று கேட்ட பிள்ளைக்கு அந்த ஸ்பொன்சை வெட்டிக் காட்டினேன். நடுவில் ஒரு கைப்பிடி அளவுக்குத் தூள் போலக் காய்ந்து கிடந்தது. ஒரு முறை செருகிய ஓட்டையிலிருந்து தண்டை இழுத்து மறுபடி செருகவும் கூடாது. அடியில் வெற்றிடம் விழும்.

வாழைக்குற்றி அதைவிட மலிவு, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒரு அடி நீளத் துண்டை நெடுக்காகப் பிளந்து தட்டைப் பக்கம் கீழே இருக்க வையுங்கள். ஈர்க்கால் குத்தி ஓட்டை போட்டுத் தண்டைச் செருகுங்கள். இரண்டு நாளுக்கு அதன் ஈரமே போதும். அடியில் பொலித்தீன் விரிக்க மறக்காதீர்கள், வாழைக் கறை மேசைவிரிப்பில் பட்டால் போகாது.

எதில் அடுக்கினாலும் முதலில் இலை, பிறகு பெரிய பூ, கடைசியில் சின்னது. இலை முதலில் போனால் வடிவம் வந்துவிடும், பூவின் எண்ணிக்கையும் குறைவாகவே தேவைப்படும். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். விருந்தினர் வந்ததும் விசிறியைக் கூட்டுவோம், மாலைக்குள் இதழ் ஓரம் கருகிவிடும்.

9. 25க்குப் பிறகு

சாடித் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுதாக ஊற்றிவிட்டு மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் தண்டைச் சிறிது வெட்டுங்கள். மேலே நிரப்பினால் மட்டும் போதாது, கெட்ட தண்ணீர் அடியிலேயே இருக்கும். வாடிய பூவை அன்றன்றே எடுங்கள், ஒன்றின் பூஞ்சணம் மற்றதில் தொற்றும்.

சவுக்கு ஊசி கொட்டத் தொடங்கினால் ஜனவரித் தொடக்கத்தில் வரும் திருக்காட்சித் திருநாள் வரை காத்திராமல் மரத்தை வெளியே எடுத்துவிடுங்கள். சாடிச் செடிகளை உள்ளே எடுத்தது போலவே விறாந்தையில் நான்கு நாள் வைத்து, பிறகு முற்றத்துக்கு விடுங்கள். பாசியை மதில் அடியில் ஈரமான இடத்தில் பதித்தால் அடுத்த மாரிக்கு அங்கேயே இருக்கும். நெற்பயிரை மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பிள்ளைகள் தட்டோடு படலையடிக்குக் கொண்டுபோய் மான்களுக்காக வைத்துவிடுவார்கள்.